கொடியில் காய்ந்த பன்னிரண்டு விரிப்புகள்

காட்டு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: நீனா, தாதி, வயது இருபத்துநாலு, இத்தாலியின் பலெர்மோவிலிருந்து போனவர். பிந்தா, சமையற்காரி. கட்டில்களில் பதினொரு காயக்காரர். இல்லாதவர்கள்: மருத்துவர், மருந்து எடுக்க எல்லைக்குப் போய்விட்டார். பிந்தாவின் கணவர் சானா, தோணிக்காரர், ஆற்றில். அவர்களுடைய மகன் மமதூ, மூன்று வயது, அக்கரையில் பெரியம்மாவிடம்.

விமானம் வருகிறது. இரண்டு. தாழப் பறக்கின்றன. காலை பத்தரை. பிந்தா கத்துகிறார்: "படுங்கோ! படுங்கோ!" நீனா பதுங்கு கிடங்குக்குள் விழுகிறார். முதல் குண்டு அடுப்படியில். முதலில் மண் வருகிறது. சத்தம் பிறகு. இரண்டாவது கூரையில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று நீனாவுக்குத் தெரியாது. காது அடைத்துவிட்டது.

நான் அங்கே இருக்கவில்லை. பிறக்கவும் இல்லை. இது ஆபிரிக்காவின் கினி-பிசாவ் காடு. ஐம்பது வருடங்களுக்கு மேலாகிறது. போர்த்துக்கீசரிடமிருந்து விடுதலை கேட்டு அந்தச் சனம் போராடிய காலம். ஆனால் மண் முதலில் வரும் என்பது எனக்குத் தெரியும். வன்னியில் குண்டு விழுந்தபோது எனக்கு எட்டு வயது.

சினியோரா நீனாவுக்கு இப்போது எழுபத்தேழு. பலெர்மோவில் லிபெர்த்தா வீதியில் மூன்றாம் மாடி. நான் அவரைப் பராமரிக்கிறவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆளும் நான்தான். ஆகவே எழுதும் வேலை எனக்கு விழுந்தது. இங்கே இத்தாலியத்தில் சொல்லப்பட்டதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை. பழைய படங்களை அடுக்குகிறோம். வியாழன் ஒருவர் வருகிறார். பிந்தாவின் மகன் மமதூ. இப்போது பலெர்மோத் துறைமுகத்தில் வேலை.

ஒரு படம். இரண்டு மரங்களுக்கு இடையில் கயிறு. கயிற்றில் வெள்ளை விரிப்புகள். எண்ணினேன். பன்னிரண்டு. நல்ல வெயில். சினியோரா சிரிக்கிறார். பலெர்மோத் துறைமுகப் பக்கத்து ஏழைத் தெருக்களான போர்கோ வெக்கியோப் பெண்கள் தந்தவை என்றார். சீதனப் பெட்டியிலிருந்து எடுத்தவை. மூலையில் சிவப்பு நூலில் பெயரெழுத்து. மாற்று விரிப்பு இல்லாத வீடுகளும் தந்தன. துறைமுகத் தொழிலாளர் கூலி வாங்காமல் கப்பலில் ஏற்றினார்கள். யாரோ ஒரு சனத்துக்காக. நீனாவும் போர்கோ வெக்கியோவில் பிறந்தவர். அங்கே துணி இன்றும் வீதிக்கு மேலேதான் காய்கிறது. புண்ணுக்கு வெயிலில் காய்ந்த துணிதான் நல்லது என்று தாயிடம் பழகியவர்.

நான் படத்தை மறுபடி கையில் எடுக்கிறேன். வன்னியில் வேவு விமானத்தை வண்டு என்போம். அது இரையத் தொடங்கினால் அம்மா கத்துவார்: "வண்டு சுத்துது, உடுப்பை எடுங்கோ!" நாலு வயதுப் பிள்ளையும் கொடிக்கு ஓடும். வெள்ளைச் சட்டை முதலில். மேலிருந்து அதுதான் தெரியும்.

படம் எப்போது எடுத்தது என்று கேட்டேன். குண்டு விழுந்த அன்று காலை. புறப்படும்போது மருத்துவர் எடுத்தது. கொடி கட்டியது யார் என்று கேட்டேன். சினியோரா சிரிப்பை நிறுத்தினார். படத்தைக் கவிழ்த்து வைத்தார். விமானம் எதைக் கண்டு வந்தது என்று அவருக்கு எப்போதோ தெரியும்.

பிந்தாவின் ஊரில் ஐம்பது வருடமாகச் சொல்லப்பட்ட கதை வேறு. யாரோ காட்டிக்கொடுத்தார்கள். மருத்துவரை விட்டால் அன்று காலை வெளியே திரிந்தவர் சானா மட்டும். ஆகவே சானா. துரோகி. எனக்கு அந்தச் சொல்லைத் தெரியும். எங்கள் பக்கமும் அது ஒருவர் மேல் விழுந்தால் பிள்ளைகள் மேலும் விழும். ஊர் சானாவைத் துரத்தியது. ஒரே சட்டியில் அவரோடு சாப்பிட யாரும் கை வைக்கவில்லை. போன வருடம் இறந்தார். மமதூ ஒன்றைக் கேட்கத்தான் வருகிறார். என் அப்பாவா செய்தது?

செவ்வாய், புதன் சினியோரா சாப்பிடவில்லை. யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்று வழமையாகச் சொல்வதையே சொல்லப் போகிறேன் என்றார். நீ வாய் திறக்காதே என்றார். என் பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, அவர் தரும் வேலையில் தொங்குகிறது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுத்த ஊரான பகேரியாவில் வீடு துடைக்கிறவர். ரயிலில் வைத்து மெல்லச் சொன்னார்:

"வேலை போனால் வேறை வேலை எடுப்பம். அந்த மனுசனுக்கு வேறை அப்பா இருக்கோ?"

வியாழன், நாலு மணி. மணி அடிக்கிறது. மமதூ மினுக்கிய சட்டை போட்டிருக்கிறார். தலை நரைத்துவிட்டது. கதிரை நுனியில் இருக்கிறார். சினியோரா தொடங்குகிறார். காடு. கட்டில்கள். பிந்தாவின் சமையல். காலை. யாரோ ஒருவர் போய்... அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார். அடுப்பில் கோப்பி பொங்கிச் சீறுகிறது. நான் போய் அடுப்பை அணைக்கிறேன். இனி நான்தான் சொல்ல வேண்டுமோ?

சினியோரா என்னைப் பார்த்தார். அலுமாரியின் கீழ் லாச்சியைத் திறக்கச் சொன்னார். ஒரு விரிப்பு. ஓரம் கருகியது. மூலையில் அவருடைய தாயின் பெயரெழுத்து. தப்பியது அது ஒன்றுதான். மேசையில் விரித்தார்.

"நான்தான் காயப்போட்டனான். பன்னிரண்டு. ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லை."

மமதூ துணியைத் தொடவில்லை. தன் அப்பா சாகும்வரை ஒன்றையே சொன்னதாகச் சொன்னார். ஆற்றிலிருந்து வெள்ளையைக் கண்டாராம். தோணியில் எழும்பி நின்று கையை வீசினாராம், எடுங்கோ, எடுங்கோ என்று. யாரும் நம்பவில்லை. விமானத்துக்குத்தான் கை காட்டினான் என்றார்கள்.

"நீங்கள் அவரைக் கண்டனீங்களோ?"

"ஓம். கண்டனான். சுகம் கேக்கிறார் எண்டு நினைச்சன். நானும் கை காட்டினனான்."

மமதூ கைத்தொலைபேசியை எடுத்து விரிப்பின் மேல் வைத்தார். ஊருக்கு அனுப்ப வேண்டும், போர்த்துக்கீசத்தில் திருப்பிச் சொல்லுங்கோ என்றார். சினியோரா சொன்னார். முதல் தடவை பாதியில் நிறுத்தினார். இரண்டாம் தடவை செத்தவர்களின் பெயர்கள் முழுவதையும் சொன்னார். மமதூ கோப்பி குடிக்கவில்லை. கை கொடுக்கவில்லை. வாசலில் என்னிடம் மட்டும், வாறன் என்பதுபோலத் தலையசைத்தார்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். சினியோரா கதவைத் திறந்தார். அவ்வளவுதான்.

வன்னியில் எங்களுக்காக ஒருத்தரும் வரவில்லை என்று நாங்கள் சொல்வோம். அந்தக் காட்டுச் சனத்துக்காக ஒருவர் போனார். இது அப்படிப் போனவரின் கணக்கும்.

அன்றைய இழப்பு: காயக்காரர் பதினொருவரில் எட்டுப் பேர். பிந்தா. விரிப்புகள் பதினொன்று. சினியோரா ஐம்பது வருடமாக ஒன்பது உயிர் என்று எண்ணியிருந்தார். மமதூவின் தொலைபேசிக்கு முன்னால் எண்ணியபோது கடைசியில் சானாவையும் சேர்த்தார்.

பத்து.