நெஞ்சுக்குச் சேதி போகும் வழி

— இவளே, கைய விடு. மெஷின் ஓடுறப்ப பிடிக்கக் கூடாது.

— பிடிச்சா பிடிக்கட்டும் சார், ஈசிஜி எடுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் மானிட்டர்ல பாக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான். என்ன மேடம், நாடி பாப்பீங்களா?

— கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் சிஸ்டர் என் வேலை. பொய் சொன்னா இவர் மூஞ்சில ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி இருப்பாரு. நாடி மட்டும் தடதடன்னு அடிக்கும். திருட்டு சிகரெட்டெல்லாம் இப்படித்தான் கண்டுபிடிச்சேன்.

— போலீஸ்ல சேர வேண்டியவ, எனக்கு வந்து வாச்சா.

— இப்ப ஆபரேஷன் பண்ணி வேற ஒருத்தரோட இதயத்த வச்சதும் மனுஷன் திருந்திட்டாரு. என்ன கேட்டாலும் நாடி அசையறதே இல்ல. யாரோ புண்ணியவானோட நெஞ்சு.

— ஐயோ மேடம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

— அதெல்லாம் இப்ப எதுக்கு சிஸ்டர்? ஒட்டினதக் கழட்டுங்க, கிளம்பறோம்.

— நீங்க சும்மா இருங்க. சொல்லுங்க சிஸ்டர்.

— பாத்தீங்கன்னா மேடம், நெஞ்சுக்கு ரெண்டு விதமா நரம்பு வருது. ஒண்ணு ஓடு ஓடுன்னு விரட்டும். இன்னொண்ணு மெதுவாப் போன்னு அடக்கும். நம்மளக் கேக்காமலே அதுங்க பாட்டுக்கு வேலை பாக்கும். இதயம் மாத்துறப்ப ரெண்டும் அறுந்துடும். ரத்தக் குழாயத் தைக்கிறாங்க, நரம்பத் தைக்க முடியாது. பாத்தீங்கன்னா, அடக்க ஆளில்லாமத்தான் சாருக்குப் படுத்திருக்கப்பவே நாடி தொண்ணூத்தாறு ஓடுது.

— அப்ப பயந்தா? பொய் சொன்னா?

— உடனே ஏறாது. அட்ரினலின் சுரந்து, ரத்தத்துல கலந்து, நெஞ்சுக்கு வந்து சேரணும். அஞ்சு நிமிஷமோ கூடவோ ஆகும். போன்ல சொல்ல வேண்டியத ஆள் விட்டுச் சொல்ற மாதிரி.

— இது இவருக்குத் தெரியுமா?

— வீட்டுக்கு அனுப்புறப்பவே எல்லாருக்கும் சொல்லிடுவோமே. மாடி ஏறுறதுன்னா நிதானமா ஏறணும்ல?

— என்கிட்ட சொல்லலியே.

— மறந்துட்டேன், இவளே.

— நானும் ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாத்துட்டு நிம்மதியா சமைக்கப் போயிட்டேன். சரி. போன வாரம் டாக்டர் என்னை வெளிய உக்கார வச்சிட்டு உங்கள மட்டும் கூப்பிட்டாரே, என்ன சொன்னாரு?

— எத்தன தடவ கேப்ப? எல்லாம் நல்லா இருக்குன்னாரு.

— இப்ப எவ்வளவு காட்டுது சிஸ்டர்?

— அதே தொண்ணூத்தாறுதான்.

— பாத்தியா? கைய விடு.

— இருங்க. பஸ்ஸுக்கு நேரமிருக்கு.

— இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்ப? கை வலிக்கல உனக்கு?

— எனக்கு வலிக்கல.

— சார், வேர்க்குதே. ஃபேனைக் கூட்டி வைக்கவா?

— வேணாம்.

— நூத்தி நாலு... நூத்திப் பன்னெண்டு. சார், எந்திரிக்கப் பாத்தீங்களா?

— இல்ல சிஸ்டர். படுத்துதான் இருக்கேன்.

— நூத்தி இருபது.

— ஏங்க.

— ம்.

— இன்னும் எத்தன மாசம்னு சொன்னாரு?