கீறல் விழாமல்

ஃபாதர், உங்கள் வெள்ளைக் கார் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. வரும்போது பார்த்தேன். பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். கோயில் பிள்ளை பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுத் தேய்க்கிறான் என்று நினைக்கிறேன். அவனைத் திட்ட வேண்டாம், தெரியாமல் செய்கிறான். அந்தச் சோப்பு அழுக்கோடு சேர்த்துப் பெயின்ட்டின் மேலிருக்கும் மெழுகையும் எடுத்துவிடும். கார் கழுவ அதற்கென்றே ஷாம்பு இருக்கிறது. போகும்போது ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். காவிரித் தண்ணீரைப் பற்றிய பொய். போன பங்குச் சாமியாராக இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் இந்தப் பங்குக்குப் புதியவர். ஆட்களைத் தெரியாமல் பொய்யை மட்டும் கேட்டால் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் கிளமென்ட். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று தெரியும். எங்கள் குடும்பத்தில் எதையும் மறைத்துப் பேசும் வழக்கம் இல்லை. ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். கே.கே. நகரில் சொந்த வீடு. என் தந்தை சவரிமுத்து, கன்டோன்மென்ட்டில் ஒரு பெரிய டாக்டரின் பங்களாவில் மேனேஜராக இருந்தவர். எங்கள் ஹாலில் அவருடைய புகைப்படம் இருக்கிறது. டாக்டரின் கறுப்புக் காருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பார். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

என்னிடம் இருப்பது கரு நீலக் கார். கரு நீலத்தைக் கட்டிக் காப்பது எளிதில்லை. ஒரு தூசியை விரலால் துடைத்தாலும் கோடு தெரியும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் கல்யாணத்தன்று அதில்தான் கோயிலுக்குப் போனார்கள். பூ அலங்காரக்காரன் பானெட்டில் டேப் ஒட்ட வந்தால் நான் கையைப் பிடித்துவிடுவேன். நூலில்தான் கட்ட வேண்டும்.

அதைக் கழுவ எங்கள் தந்தையிடமிருந்து வந்த முறை ஒன்று இருக்கிறது. வெயிலில் கழுவக்கூடாது. பானெட் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். மண் இருக்கும்போது துணி வைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி ஆகிவிடும். பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும், நேர்கோட்டில். சக்கரத்துக்குத் தனித் துணி. போர் தண்ணீர் கூடவே கூடாது. எங்கள் ஏரியா போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விழும். குழாயில் வருகிற காவிரித் தண்ணீர்தான். முக்கியமாக, பக்கெட் காருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. பக்கெட் வளையம் பட்டால் கதை முடிந்தது.

ஒரு மேனேஜருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று என் மச்சினர் டொமினிக் கேட்பார். மேற்பார்வை பார்ப்பவருக்குத்தான் எல்லாம் தெரிய வேண்டும் என்பேன்.

டொமினிக் என் மனைவி டோரதியின் அண்ணன். உறையூரில் வீடு. டவுன் பஸ்ஸில் ஏறி வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பார். எந்தக் கல்யாண ரிசப்ஷனிலும் கேக் வெட்டியதும் மைக்கைப் பிடித்து டோஸ்ட் சொல்வது அவர்தான். மணமக்களை வாழ்த்தி நாலு வார்த்தை பேசி, எல்லோரையும் சிரிக்க வைத்து, கிளாஸைத் தூக்க வைப்பார். திறமையான மனிதர். நான் அவரை வெறுத்ததே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு இரண்டு பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலில் புகைப்படத்துக்கு முன்னால் நின்று, "மாப்ள, இந்த ஃபிரேமைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. கீழ பக்கெட் மறைஞ்சு போச்சு பாருங்க" என்பார். அந்தப் படத்தின் அடியில், என் தந்தையின் காலருகே, ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. பக்கெட் என்று சொல்ல முடியாது. அழகுக்காகச் சட்டம் சற்று மேலே போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கம், நேரே பீடத்துக்குப் போவது. எங்கள் வீட்டுப் பீடத்தில் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும், அந்த மாதிரி நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீலக் கிரீடம்தான் மூடி. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம். டொமினிக் சிலுவை போட்டு, கிரீடத்தைத் திருகி, ஒரு துளி இல்லை ஃபாதர், பாதி மாதாவைக் குடித்துவிடுவார். கேஸ் டிரபிளுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்பார். டோரதி மிச்சத்தோடு காவிரித் தண்ணீரைச் சேர்த்து நிரப்பி வைப்பாள். ஒரு துளி தீர்த்தம் இருந்தாலும் முழுவதும் தீர்த்தம் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்குப்படி மேட்டூர் அணை வரைக்கும் தீர்த்தம்தான்.

என் கடைசி மகள் பெலிண்டாவுக்கு நல்ல இடம் அமைந்தது. மேலப்புதூர்க் குடும்பம். மாப்பிள்ளையின் தாத்தா ஜெபராஜ், காலேஜில் புரொஃபசராக இருந்தவர். பெண் பார்க்க வந்தபோது அவர் ஹாலில் அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் தந்தை மேனேஜர் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் மரியாதை இருந்தது.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. பிறகு ஒரு நாள் டொமினிக் சாப்பாட்டு மேசையில் சொன்னார், "மாப்ள, இந்த டோஸ்ட்டுல பக்கெட் கதையச் சொல்லத்தான் போறேன்."

"வேண்டாம் மச்சான்" என்றேன்.

"அட, இதுல என்ன இருக்கு. உங்கப்பா கார் கழுவினாரு. நல்லாக் கழுவினாரு. எங்கப்பா அதே தெருவுல நாய் புடிச்சாரு. நான் சொல்லிக்கலையா?"

டோரதி சிரித்தாள். பெலிண்டாவும் சிரித்தாள்.

"மண்டபத்தில் அந்தப் பேச்சு வரக்கூடாது" என்றேன்.

"வரும். வந்தா நீங்களே சந்தோஷப்படுவீங்க, பாருங்க. அதுல ஒரு விஷயம் இருக்கு, இப்ப சொல்லமாட்டேன்" என்று கண்ணடித்தார்.

மண்டபம் நிறைய மேலப்புதூர் ஆட்கள். மைக்கில் என் தந்தையின் கையில் பக்கெட்டைக் கொடுப்பது. அதற்குப் பிறகு என் மகள் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை காரைக் கழுவினேன். உதவி செய்கிறேன் என்று டொமினிக் வந்தார். நான் குழாயை மூடப் போன நேரத்தில், பானெட்டில் இருந்த ஒரு காக்கை எச்சத்தைச் சமையலறைக் கம்பி நாரால் தேய்த்துவிட்டார். உள்ளங்கை அகலத்துக்குக் கீறல். "போயிருச்சு பாருங்க மாப்ள" என்றார். எச்சம் உண்மையிலேயே போயிருந்தது. எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். கோபப்படவில்லை. அந்தக் கீறலை நான் அங்கேயே மன்னித்துவிட்டேன். அதற்காகத்தான் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

இங்கே பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சக்கரத்தில் படிகிற கறையை எடுக்க ஒரு மருந்து வைத்திருப்பேன். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். மணம் கிடையாது. ருசி எனக்குத் தெரியாது. பெரிய கேனிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்ற வசதியாக, பழைய மாதா பாட்டில் ஒன்றில் ஊற்றி ஷெட்டில் வைத்திருந்தேன். "மாதா பாட்டில்லயாங்க ஊத்துவீங்க" என்று டோரதி அப்போதே முகத்தைச் சுளித்தாள். வாய் சிறியது, சிந்தாது என்று சொன்னேன்.

அன்று டொமினிக் கை கழுவப் பின்பக்கம் போனார். நான் ஷெட்டிலிருந்த மாதாவைப் பீடத்தில் வைத்தேன். பீடத்திலிருந்த மாதாவை ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். அவரிடம் குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிளாஸில் ஊற்றிக் கொடுக்கவில்லை. அவரே போனார், சிலுவை போட்டார், கிரீடத்தைத் திருகினார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். தீர்த்தத்தால்தான் துடைத்தேன். கறை போகவில்லை.

இருமுகிறீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதென்றால் வாருங்கள், காத்திருக்கிறேன்.

வேண்டாமா. சரி.

வாசலுக்கு வந்து டொமினிக் கேட்டார், "என்ன மாப்ள, தண்ணி கடுக்குது? டோரதி போர் தண்ணிய ஊத்திட்டாளா?"

"காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது மச்சான், அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இதுதான் அந்தப் பொய். அப்போது ஆற்றில் தண்ணீரே இல்லை. மணல்தான் கிடந்தது; குழாயில் வந்தது மணலுக்கடியில் ஊறிய பழைய தண்ணீர். இதைத்தான் இத்தனை நாளும் மனதில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கொண்டுபோனேன், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. சீட் ஈரமாக இருந்தும் கொண்டுபோனேன். முந்தின நாள் ஒரு ஞானஸ்நான விருந்தில் அவர் பன்றிக்கறி மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை டோரதி டாக்டரிடம் சொன்னாள். சுகர் வேறு, வயது வேறு. டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் பூசை நேரத்தில் போய்விட்டார்.

அடக்கத்தில் எல்லோரும் நல்ல மரணம் என்றார்கள். கடைசியாகத் தொண்டையில் இறங்கியது மாதா தீர்த்தம் அல்லவா. பெண்கள் அதில் ஆளுக்கு ஒரு துளி கேட்டார்கள். அந்தப் பாட்டிலை அதற்குள் நான் ஷெட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். முதலில் பீடத்திலிருந்த பாட்டிலையே திரும்பப் பீடத்தில் வைத்து, காவிரித் தண்ணீர் நிரப்பியிருந்தேன். குடும்பத்துப் பெண்கள் அதைக் குடிக்கும்படி விட நான் கொலைகாரன் இல்லை, ஃபாதர்.

கல்யாணம் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. போன வாரம் நடந்தது. பானெட் கீறலை நானே பாலிஷ் போட்டு எடுத்திருந்தேன். பூவை நூலில் கட்டினார்கள். பெலிண்டா இறங்கும்போது மேலப்புதூர்க்காரர்கள் முதலில் காரைப் பார்த்தார்கள், பிறகுதான் அவளைப் பார்த்தார்கள்.

கேக் வெட்டியாயிற்று. மைக்கைப் பிடிக்க ஆள் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். அப்போது ஜெபராஜ் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"டொமினிக் பேச வேண்டியது. நான்தான் அவர்கிட்ட ரகசியமா சொல்லி வச்சிருந்தேன். சம்பந்தி வாயத் திறக்கமாட்டாரு, நீங்க சொல்லிருங்கன்னேன்" என்றார். "கன்டோன்மென்ட் டாக்டர் எனக்குத் தாய்மாமன். காலேஜ் படிக்கறப்ப அந்த பங்களாவுலதான் இருந்தேன். பெலிண்டாவோட தாத்தா சவரியண்ணன் அங்க கார் கழுவுவாரு. மாமாவுக்குத் தெரியாம நான் காரை எடுத்து மதில்ல உரசிட்டேன். மாமா வந்து நிக்கிறாரு, எனக்கு வேர்த்துக் கொட்டுது. சவரியண்ணன் பக்கெட்டக் கீழ வச்சுட்டு, 'என் பக்கெட் வளையம் பட்டுருச்சுங்க டாக்டர்'னாரு. திட்டு மொத்தத்தையும் வாங்கிக்கிட்டாரு. கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இந்தப் பொண்ணு வீட்டு ஹால்ல அவர் படத்தப் பார்த்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், சம்பந்தம் பண்ணா இந்தக் குடும்பத்துலதான்னு."

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. டோரதி அழுதாள். மாப்பிள்ளை வந்து என் காலில் விழுந்தான். நானும் கிளாஸைத் தூக்கினேன்.

ஜெபராஜுக்கு வயதாகிவிட்டது. ஆளை மாற்றிப் பேசுகிறார். என் தந்தையின் பக்கெட் வளையம் ஒரு காரின் மேலாவது பட்டதாகச் சரித்திரமே இல்லை. அவர் எப்போதும் பக்கெட்டைக் காரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் வைப்பார். ஈரத் துணியை வளையத்தில் சுற்றி வைப்பார். அவருடைய விரல் இடுக்குகள் ஆண்டு முழுவதும் வெளுத்துப் போயிருக்கும். அப்படிக் கழுவிய மனிதர் மீது ஒரு கீறலை ஏற்றிச் சொல்வதை, இத்தனை பேர் கேட்கும்படி சொல்வதை, டொமினிக் கூடச் செய்ததில்லை.

மேனேஜர். நான் சொன்னது சரிதான், அவர் மேனேஜர்.

நாளை ஞாயிறு, பெண் மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. ஜெபராஜும் வருகிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பக்கெட்டைக் காட்டி, கதையை மறுபடி சொல்லப் போவதாக டோரதியிடம் போனில் சொன்னாராம். டொமினிக் குடித்த அந்தத் தீர்த்தத்தில் தனக்கும் ஒரு வாய் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். டோரதி கட்டாயம் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுத்தால் எங்கள் குடும்பத்தில் மாறுவதில்லை.

பொய்க்கு என்ன அபராதம் கொடுத்தாலும் செய்கிறேன், ஃபாதர். மனஸ்தாப மந்திரமும் இப்போதே முழங்காலில் இருந்து சொல்கிறேன். இனிமேல் பாவம் செய்யமாட்டேன் என்று உறுதி கூறுகிற இடம் ஒன்று வருகிறதே, அதை மட்டும் திங்கட்கிழமை வந்து சொன்னால் செல்லுமா?