நாப்பத்தெட்டு வயசுல எல்கேஜி

அப்படி முறைக்காதீங்க. இந்த சாப்டர முடிச்சுட்டு ட்யூப்ல ஃபீட் ஏத்தறேன், அதுவரைக்கும் பசி தாங்கணும். நாளைக்கு எனக்கு எக்ஸாம் இருக்குல்ல.

மிஸ்டர் சிவராமகிருஷ்ணன். எப்படி இருக்கு? கல்யாணமாகி இத்தன வருஷத்துல உங்க பேர நான் வாயால சொன்னதே இல்ல. படுத்த படுக்கையா இருக்கறவங்கள பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம், அதான் மரியாதையாம். ஹெல்த் அண்ட் சோஷியல் சயின்ஸ்ல மொத பாடமே இதுதான்.

நான் யூனிவர்சிட்டில சேந்தப்ப என்ன சிரிப்பு சிரிச்சீங்க! படிப்ப விட்டு ரொம்ப நாளானவங்களுக்கு மொதல்ல ஒரு ஃபவுண்டேஷன் இயர் உண்டுன்னு சொன்னேன். அவ்வளவுதான். மணியன் வீட்டு தீபாவளி பார்ட்டில, எங்க வீட்டம்மா நாப்பத்தெட்டு வயசுல எல்கேஜி சேந்திருக்கா, டிஃபன் பாக்ஸ் நான்தான் கட்டித் தரணும்னீங்க. இந்த ஆலன் ஊர்ல இருக்கற அத்தன தமிழ்க் குடும்பமும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்ண? அடுத்த மாசமே உங்களுக்கு ஸ்ட்ரோக். இப்ப யாருக்கு யாரு டிஃபன் குடுக்கறா பாருங்க.

உப்பு பத்தலன்னு தட்டைத் தள்ளுவீங்களே, இப்ப தள்ளுங்களேன்? நேரா வயித்துக்குப் போறதுல எனக்கு அந்த ஒரு நிம்மதி.

என்ன, கண்ணுல தண்ணியா? இருங்க, தொடைக்கறேன். நான் ஒரு குறையும் வெக்கல. முதுகுல புண்ணு வராம பொரட்டிப் போடறேன், ஷேவ் பண்ணி விடறேன். வீட்டுக்கு வர்ற நர்ஸ் என்னை ஏஞ்சல்னு சொல்றா. கேட்டீங்கல்ல?

ஆதர்ஷ் பொறக்கறப்ப டாக்டரம்மா குனிஞ்சு எங்கிட்டதான் கேட்டா, வலி தாங்க முடியுதா, ஊசி போடட்டுமான்னு. பதில் சொன்னது நீங்க. ஷி இஸ் ஓகே. நான் கத்திட்டிருக்கேன், ஷி இஸ் ஓகே. அவன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் காலேஜுக்கு அப்ளை பண்ணேன். அங்கேருந்து ஒரு லேடி போன் பண்ணா. நீங்க எடுத்து, அவளுக்கு இங்கிலீஷே வராது, ஒண்ணும் புரியாதுன்னு சொல்லி போன வெச்சுட்டீங்க. பக்கத்துல தோசைக் கரண்டியோட நிக்கறேன் நான். திருச்சில இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவ. அன்னைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறலங்க. பேங்க், டாக்டர், ஸ்கூல் மீட்டிங், எங்க போனாலும் அதே பாட்டு. அவளுக்கு ஒண்ணும் புரியாது.

சரி விடுங்க. ஆதர்ஷ் ஏர்போர்ட்லேருந்து வந்திட்டிருக்கான். பாவம், ஃப்ரீமான்ட்ல இருந்துட்டு எத்தன வாட்டிதான் ஃப்ளைட் ஏறுவான்? இன்னைக்கு ஒரு முடிவு பண்ணிடணும்கறான். நாம பேசறது அப்பாவுக்குப் புரியுதுன்னா வீட்லயே வெச்சு தெரபி, இல்லன்னா நர்சிங் ஹோம். டாக்டரும் உறுதியா ஒண்ணும் சொல்லல. கூடவே இருக்கறது நான்தானே, எங்கிட்டதான் கேப்பான்.

போன மாசம் கிளாஸ்ல ஒரு வீடியோ போட்டாங்க. ஒடம்பு முழுக்க அசையாது, ஆனா உள்ள ஆள் முழுசா முழிச்சிட்டிருப்பாராம். மேல பாத்தா ஆமா, கண்ண மூடினா இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, கைப்பையக்கூட கீழ வெக்காம உங்ககிட்ட கேட்டேனே. நான் சாந்தாமணியா? மேல பாத்தீங்க. நான் உங்க அம்மாவா? மூடினீங்க. ஒண்ணுகூடத் தப்பில்ல, ஃபுல் மார்க். அப்பலேருந்து நாம ரெண்டு பேரும் தெனம் பேசிட்டுத்தானே இருக்கோம். நான்தான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல.

ஹோமுக்குப் போறீங்களா? அடேங்கப்பா, என்னமா இறுக்கி மூடறீங்க. வீட்லயே இருக்கணுமா? ம். உங்களுக்கு எல்லாம் புரியுதுன்னு நான் அவன்கிட்ட சொல்லணுமா? பாத்துட்டேங்க, பாத்துட்டேன். போதும், கண்ணு வலிக்கப் போவுது.

கார் சத்தம் கேக்குது. வந்துட்டான். ரொம்ப நேரமா கண்ண உருட்டிட்டே இருக்கீங்க, எரியும். இந்த ஈரத்துணிய கண்ணு மேல போட்டு விடறேன், சும்மா படுங்க.

வாடா ஆதர்ஷ், கதவு தெறந்துதான் இருக்கு. ஷ்ஷ், மெதுவா. என்னது? இல்லப்பா. நானும் தெனம் பேசிப் பேசிப் பாக்கறேன். அவருக்கு ஒண்ணும் புரியாது.