பெரிய டாக்டர் வைத்த அளவு

விடியற்காலை ஐந்தரை மணி. அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சாலை... ஒரு நாய்கூட இல்லை. கண் டாக்டர் யுவராணி ஸ்கூட்டரில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அவளுக்குப் பயமில்லை. கோபம்தான். அதுவும் செத்துப்போன ஒருத்தர் மேல்.

அங்கே பெரிய டாக்டராக இருந்த பரந்தாமன். ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பில் டாக்டரின் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி வளையம் உண்டு. அவரவர் பார்வைக்குத் திருப்பிக்கொண்டு, வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பரந்தாமன் மட்டும் மாட்டார். "என் அளவை எவன்யா தொடுறது?" என்று குதிப்பார். வயதாகிப் பார்வை மாறிய பிறகும் அதே பழைய அளவு, அதே வறட்டு கௌரவம். மங்கலில் அறுத்தே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தேவராஜின் வலக்கண்ணைக் கெடுத்தார். பழியை நர்ஸ் அனுசுயா மேல் போட்டார். அந்த வருஷ மழைக்காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார், பாவி மனுஷன்.

இன்று அதே தேவராஜுக்கு இடக்கண். அதுவும் போனால் ஷேர் ஆட்டோ போச்சு, சோறும் போச்சு.

தியேட்டரில் ஸ்பிரிட் வாடை. யுவராணி தன் அளவை வைத்துக் குனிந்தாள். நல்ல தெளிவு. கத்தியை வைத்தாள்...

க்ரிக்.

வலப்பக்கம் மங்கியது. நிமிர்ந்தாள். வளையம் மைனஸ் மூன்றில் நிற்கிறது. பெரிய டாக்டரின் அளவு. அனுசுயா திருத்தினாள். யுவராணி மறுபடி குனிந்தாள்.

க்ரிக்.

இந்தத் தடவை கண் வைக்கும் ரப்பர் சுட்டது, யாரோ இப்போதுதான் முகத்தை எடுத்த மாதிரி. கூடவே கிராம்பு வாடை. அவர் எப்போதும் வாயில் அடக்கி வைத்திருக்கும் கிராம்பு...

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். யுவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கண்ணைக் கெடுத்தது போதாதா சார்? எடுங்க மூஞ்சிய!"

மெதுவாக... க்ரிக். வளையம் தானாகவே அவள் அளவுக்கு வந்து நின்றது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தாள். தேவராஜ் சுவர்க் காலண்டரை எழுத்து விடாமல் படித்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டாக்டரம்மா... பெரிய டாக்டரு இன்னாத்துக்கு உங்க பக்கத்துல நிக்கிறாரு?"

அறையில் வேறு யாரும் இல்லை.

தேவராஜ் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கெட்டுப்போன கண்ணை மட்டும் திறந்து, அவள் தோளுக்கு மேலே பார்த்தார்.

"இந்தக் கண்ணுலதாம்மா தெரியறாரு... குனிஞ்சு, உங்க கண்ணையே பாத்துகினு கீறாரு."