காபியில் கலந்த பத்துச் சொட்டு

மேடையில் வீற்றிருக்கும் வட்டாரத் தலைவர் அவர்களே, மருந்தாளுநர் சங்கத்துப் பெரியோர்களே, ஏழாம் நாள் ஓதலை நடத்தித் தந்த இமாம் அவர்களே, இந்தப் பனியிலும் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் உழவர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும். நான் பிரானோதோ. ஊரே 'இபு', அம்மா, என்று அழைத்த மருந்தாளுநர் ரெட்னோவுலான் அவர்களின் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்தில் நின்றவன்.

சங்கத்தார் எனக்கு ஓர் உரை எழுதிக் கொடுத்தார்கள். நல்ல உரைதான். மடித்துப் பையில் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இன்று ஓர் அவசரம் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் பாக் வாகிமான், நம் வாகிமான் ஐயா, உட்கார்ந்திருக்கிறார். இபு மறைந்த நாளிலிருந்து அவர் மாத்திரை சாப்பிடவில்லை. ஏழு நாள். முந்தாநாளிலிருந்து தூக்கமும் போய்விட்டது என்கிறார் அவர் மனைவி துமிரா. வாசலில் என்னைப் பார்த்தபோது, "என் கதைய தாராளமா சொல்லுங்க, பாக். ஊருக்குத் தெரியாததா?" என்றார் வாகிமான். ஊருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஏறினேன்.

நம் இபு எதில் பெரியவர்? படிப்பிலா? படித்தவர்கள் ஆயிரம் பேர். 'தெரியாது' என்று சொல்வதில் பெரியவர் அவர். மனநோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். ஒரு பெண் போனில் அழுதாள்: "இபு, இந்த மாத்திரை சாப்பிட்டுட்டு குழந்தைக்குப் பால் குடுக்கலாமா? மாமியார் கூடாதுங்கறாங்க." இபு சொன்னார்: "எனக்கு இப்போ தெரியாது, மகளே. மாமியாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் குடு, பார்த்துட்டு நானே கூப்பிடறேன்." ஐம்பதாவது நிமிடத்தில் கூப்பிட்டார். அப்படி ஒரு மனுஷி!

பதினோரு ஆண்டுகளுக்கு முன் பாக் வாகிமான் தன் உருளைக்கிழங்கு வயலில் நின்று, இல்லாத ஆளோடு பேசத் தொடங்கினார். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் துப்பினார். அப்புறம் மூன்று மாதம் எதிரில் வந்தவரிடமெல்லாம் ஒரே பேச்சு. "என் காபில யாரோ என்னவோ கலக்குறாங்க. குடிச்சா நாக்கு தடிச்சுப் போவுது." நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். "உனக்கு விஷம் வெக்க யாருக்குய்யா நேரம் இருக்கு?" என்று நானே கிண்டல் செய்தேன். அந்தச் சிரிப்புக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள். இபுவும் நானும் போனோம். வெளியே பனி, உள்ளே சாம்பிராணிப் புகை. ஊரே கூடத்தில் நிற்கிறது. பாயில் பாக் வாகிமான் கிடக்கிறார். கழுத்து இடது தோளுக்கு மேல் திருகிப் பின்பக்கம் போயிருக்கிறது. கண்கள் மேலே ஏறி உத்தரத்தில் நிலைகுத்தியிருக்கின்றன. நாக்கு வெளியே தொங்குகிறது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, அது அவர் குரலே இல்லை.

பேயோட்டும் தாத்தா, ம்பா கார்சோ, கையை நீட்டித் தடுத்தார். "கிட்ட வராதீங்க, இபு. இது அவன் இல்ல. வேற ஒண்ணு உள்ள உக்காந்திருக்கு."

"உள்ள என்ன உக்காந்திருக்குன்னு எனக்கும் தெரியணும், ம்பா," என்றார் இபு. பிறகு திரும்பினார். "துமிரா, காபில என்ன ஊத்தின?"

துமிரா இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். மனநோய்க்கான சொட்டு மருந்து. அளவு மீறினால் சிலருக்குக் கழுத்தையும் கண்ணையும் அப்படித்தான் இழுக்கும், அதற்கு மாற்று ஊசி உண்டு. இபு ஆள் அனுப்பிச் சுகாதார நிலையத்து டாக்டரை வரவழைத்தார். அவர் ஊசி போட்ட அரை மணி நேரத்தில், யாரோ பிடித்திருந்த கையை விட்டதுபோலக் கழுத்து மெல்ல நேரானது. பாக் வாகிமான் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"சொன்னேன்ல?"

இபு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஆமா, பாக். கலந்தாங்க. நீங்க சொன்னது நிஜம்."

பாக் வாகிமான் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ நான் சொல்றதுல வேற எதெல்லாம் நிஜம்? உங்க பின்னாடி பச்சைச் சட்டை போட்டு ஒருத்தி நிக்கிறாளே, அவ?"

இபு திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வெறும் சுவர்.

"என் கண்ணுக்குத் தெரியல. உங்க கண்ணுக்குத் தெரியுது. அதை டாக்டர்கிட்ட சேர்ந்து போய்ச் சொல்லலாம்," என்றார் இபு.

அன்றிலிருந்து மாதாமாதம் இபு அவர் கண் எதிரே மாத்திரை அட்டையைப் பிரிப்பார். இதன் பேர் இது, இன்னதைக் குறைக்கும், வாய் உலரும், கை நடுங்கும், திடீரென்று நிறுத்தினால் இன்னது ஆகும் என்பார். ஒளிவு மறைவு கிடையாது. அவரும் விழுங்கினார், வயலுக்குப் போனார், மகளைக் கட்டிக்கொடுத்தார்.

இபுவை அடக்கம் செய்த மறுநாள் பாக் வாகிமான் கடைக்கு வந்தார். நான் அட்டையை நீட்டினேன். அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உங்க கையால வேணாம், பாக். ஏன்னு எனக்கே தெரியல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பெரியோர்களே, காரணத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சொட்டு மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் துமிராவுக்கு விற்றவன் நான். "நிறம் இல்ல, ருசி இல்ல. பத்துச் சொட்டு விடு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கொடுத்தவனும் நான். பத்து போதவில்லை என்று துமிரா இருபதாக்கினார், முப்பதாக்கினார். காபியில் கலப்பது தெரிந்தேதான் நான் வீதியில் நின்று சிரித்தேன். துமிரா இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இபு குப்பியைப் பார்த்ததும் கண்டுகொண்டார். என்னைத் தனியே அழைத்து, "நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க. சொல்ற வரைக்கும் அவர் மாத்திரைய நீங்க தொடக் கூடாது" என்றார். பதினோரு வருஷம் காத்திருந்தார். நான் கோழை, வாய் திறக்கவில்லை.

பாக் வாகிமான், என் கையால் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றியது நோய் இல்லை. சரியாகத்தான் தோன்றியது. என்னை மன்னிக்க வேண்டாம். இபுவின் பெயரால் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன்: இனி அந்தக் கடையில் ஒரு சொட்டுகூட, குடிக்கப்போகிறவருக்குத் தெரியாமல் போகாது. தெரியாததைத் தெரியாது என்போம், பார்த்துச் சொல்வோம்.

ஆனால் என்மேல் உள்ள கோபத்தில் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஏழு நாள் விட்டதை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், முதலில் டாக்டர் பார்க்கட்டும். சுகாதார நிலையத்தில் காத்திருக்கிறார், பேசிவிட்டேன். வண்டி வெளியே நிற்கிறது. துமிரா உங்களோடு வருவார். நான் ஏறமாட்டேன்.