விளிம்பு பிரிந்த விதம்

ஜூன் ஒன்றாம் தேதி பிறந்துவிட்டால் எங்கள் கனசாவாவில் உள்துணி வைத்த கிமோனோவை மடித்து வைத்துவிட்டு ஒற்றைத்துணிக்கு மாறிவிடுவார்கள். என்னைப் போன்ற தையற்காரிக்கு அது பரீட்சைக் காலம், இன்ஸ்பெக்டர் ஹிராய் ஐயா. உள்துணி இருந்தால் எந்தக் கோணல் தையலும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒற்றைத்துணியில் கீழ் விளிம்பை இரண்டாக மடித்து, மடிப்புக்குள்ளேயே ஊசியை ஓட்டி, வெளியே ஒரே ஓர் இழையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். முப்பத்தொரு வருஷமாக என் தையல் யார் கண்ணிலும் பட்டதில்லை.

தோவாகோ அம்மாள் கண்ணில் பட்டது. தேநீர்ச் சடங்கு கற்பிக்கும் பெரிய மனுஷி. பணிவைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார். போன மாதம், ஒன்பது மாணவிகள் முன்னால், நான் தைத்துக் கொண்டுபோன கிமோனோவின் விளிம்பைப் புரட்டினார்.

"என்னம்மா இசோனோ, கண்ணு மங்கிப்போச்சா? பாருங்கடி, ஒரு தையல் எட்டிப் பாக்குது."

"அது தூசிங்கம்மா."

"அப்போ எனக்குத்தான் கண்ணு தெரியலங்கறியா? பிரிச்சுத் தச்சுக்கிட்டு வா."

ஒன்பது பேரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அடக்கமாகச் சிரிப்பதும் அங்கே பாடத்தில் உண்டு.

எனக்குக் கோபமில்லை. சொன்னபடி பிரித்துத் தைத்தேன். முன்மடிப்பில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு முறுக்கேறிய பட்டுநூலை முடிச்சில்லாமல் ஓட்டினேன். அதேபோல ஒன்றை நானே உடுத்திப் பதினோரு தரம் சோதித்தேன். நடந்தால் தாங்கும். மூன்று தரம் மண்டியிட்டு எழுந்தால் நூல் தளர்ந்து, செருப்பு முனை நுழையுமளவு வளையம் விடும். அம்மாள் அதை உடுத்திப் போன மலைக்கோயில் தேநீர் விருந்தில் எத்தனை தரம் மண்டியிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இறங்க அறுபத்து மூன்று கல்படிகள்.

எட்டாவது படியில் அம்மாளின் செருப்பு முனை நுழைந்தது. மாணவிகள் மரியாதையாக மூன்று படி பின்னால் வந்தார்கள். தாங்கிப் பிடிக்க முன்னால் ஆளில்லை. கீழே போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. நான் அழுதேன். பொய்யழுகை இல்லை, நல்ல பட்டு அது.

நீங்கள் விபத்து என்று முடித்தீர்கள். நானும் விட்டிருப்பேன். ஆனால் உங்கள் அறிக்கையில், தையற்காரியின் கவனக்குறைவால் விளிம்பு பிரிந்தது என்று இருக்கிறதாம். மூன்று வீட்டார் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள்.

கொன்றது நான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த அம்மாள் மாதிரி எனக்குப் பெருமை பிடித்து ஆட்டவில்லை, ஐயா. செய்த வேலைக்கு உரிய பேர் கிடைத்தால் போதும்.