மேகமலை இறக்கத்தில் பூட்டிய ஸ்டீரிங்

— அந்தப் புது ஸ்டீரிங்கை ராடோட கழட்டிரு செல்வம். மூலையில கெடக்குல்ல, எங்கய்யா காலத்துப் பழசு, அதையே மாட்டிக் குடு.

— பழசுல கால் வட்டம் சும்மா சுத்துது, தோள்பட்டை கழண்டு போகுதுன்னு நீங்கதான ஒச்சாண்டிண்ணே ஒத்தக்கால்ல நின்னீக? புது ஜீப்போட ஸ்டீரிங்கைத் தேடிப் புடிச்சு, அம்பது வருசத்துப் பிக்கப்புக்கு வெட்டி ஒட்டி மாட்டுனேன். இப்ப என்ன கொறை?

— கொறையா? ஏலே, மேகமலை எறக்கத்துல பூட்டிக்கிச்சேடா! மறந்துட்டியா?

— எப்படி மறக்க? எஸ்டேட்டுக்குப் பலசரக்கு எறக்கிட்டு வருவோம், நீயும் வந்து ட்ரையல் பாருன்னு கூட்டிட்டுப் போனீக. திரும்புறப்ப பின்னாடி தேயிலைக்காரப் பொம்பளைக கூட நானும்தான உக்காந்திருந்தேன்.

— அப்ப தெரியும்ல. சரக்கு சரியில்ல.

— சரக்கு சரியில்ல, செல்வம் வேலை சரியில்லன்னு சின்னமனூரு பஜாரு பூராம் சொல்லிட்டீக. இருபது நாளா இந்த ஷெட்டுக்குள்ள ஒரு வண்டி நொழையல. தண்ணி புடிக்கப் போன எடத்துல எம் பொண்டாட்டியக் கேக்குறாக, ‘ஒம்புருசன் எத்தனை பேரக் கொல்லப் பாத்தான்’னு.

— வாய் தவறிருச்சுப்பா.

— நாப்பது கடையிலயும் தவறுச்சா?

— இந்தா பாரு, ஒரு டீ சொல்லவா?

— டீ வேணாம்ணே. மாட்டி முடிச்சன்னைக்கு ஒண்ணு சொன்னேன். சாவிய உருவுனா இந்த ஸ்டீரிங் பூட்டிக்கும்னு.

— சொன்ன. திருட்டுப் பயம் இல்ல, அதுவும் ஓசியிலன்னு சந்தோசப்பட்டேன்.

— உருவாம அது பூட்டாது. அன்னைக்கு அந்த வளைவுல என்ன செஞ்சீக?

— என்னத்தச் செய்வேன்? ஓட்டுனேன்.

— சரி. பழசை நீங்களே மாட்டிக்கங்க. ஸ்பானர் அங்கன கெடக்கு.

— ஏய், கோவிக்காதடா. மொதல்ல கதவைச் சாத்து, சொல்றேன்.

— ஷெட்டுக்கு ஏதுண்ணே கதவு?

— அப்ப கிட்ட வா. முப்பது வருசப் பழக்கம்டா. எறக்கம் வந்தா இஞ்சினை அமத்திருவேன். நியூட்ரல்ல விட்டா அடிவாரம் வரைக்கும் தானா உருளும், டீசல் மிச்சம். பழைய சுவிட்ச்சுல சாவி நிக்காது, குலுக்குற குலுக்குல கீழ விழுந்துரும். அதனால உருவிப் பையில போட்டுக்குவேன். அன்னைக்கும் கை தானாப் போயிருச்சு. வளைவுல திருப்புறேன், திரும்பல.

— மேட்டுப் பக்கம் மோதுனதால பொழச்சோம். எம் பக்கத்துல உக்காந்திருந்த ராக்கம்மாக்காவுக்குத்தான் கை ஒடிஞ்சு போச்சு.

— அதச் சொல்லாதடா. நேத்து எஸ்டேட்டுல அவ இருக்குற லயன் வீட்டுக்குப் பழம் வாங்கிட்டுப் போனேன். ‘அந்த மெக்கானிக்கு நாசமாப் போக’ன்னு வஞ்சுக்கிட்டே, ஒத்தக் கையால எனக்குச் சோறு போடுறா. ஒரு வாய் எறங்கல. விடிஞ்சதும் இங்கன ஓடியாந்துட்டேன்.

— அப்ப அவுககிட்டச் சொல்லுங்க. பஜாருலயும் சொல்லுங்க.

— ராக்கம்மாகிட்ட மட்டும் சொன்னா ஆகாதா?

— வெல பேசாதீகண்ணே.

— சரி, டீக்கடையும் சேத்துக்க. உரக்கடையும் போட்டுக்க. மூணு எடம், முடிச்சுக்குவோம்.

— எத்தனை கடையில வாய் தவறுச்சோ அத்தனை கடை.

— மானம் போயிருமேடா! ரெண்டு லிட்டர் டீசலுக்கு ஆசைப்பட்டு ஆறு பொம்பளைகளப் பள்ளத்துல தள்ளப் பாத்தவன்னு பேசுவாக. நாளைக்கு எந்தக் கல்லாவுல போயி நான் நிக்க?

— இப்ப என்னையத்தான அப்படிப் பேசுறாக?

— ம்... சொல்றேன். நாளைக்குச் சொல்றேன். இல்ல, மாட்டேன்னு ஆயிரும். இன்னைக்கே சொல்லிர்றேன். ஒண்ணு மட்டும் கேளு. மோதுனதுல மயங்கிட்டேன்ல, தெளிஞ்சு பாக்குறேன், பையில போட்ட சாவி சுவிட்ச்சுல இருக்கு. சுத்தி நின்ன சனம் பூராம் அதப் பாத்துருச்சு. குலசாமிதான் எறங்கி வந்து காப்பாத்துச்சுன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் பழிய ஒம்மேல தூக்கிப் போட்டேன். கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டேன்டா.

— எனக்குச் சொல்லி விடல.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விட?

— சாமியெல்லாம் அங்கன வரலண்ணே. ராக்கம்மாக்கா மகன்தான் ‘எவன்டா வண்டி ஓட்டுனது’ன்னு தேயிலை வெட்டுற கவாத்துக் கத்தியத் தூக்கிட்டுத் தோட்டத்துல இருந்து ஓடியாந்தான். அவன் வந்து சேர்றதுக்குள்ள, உங்க பையில கைய விட்டு சாவிய எடுத்து சுவிட்ச்சுல மாட்டுனது நான்தேன்.